தேருக்கு முந்தின நாள் முறிந்த போல்ட்டு

இரும்பு முறிந்தால் பெரிய சத்தம் கேட்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று காலை ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் கேட்டதோ, காய்ந்த முருங்கைக் கொம்பை முழங்காலில் வைத்து ஒடித்தாற்போல ஒரே ஒரு "டக்". தொடர்ந்து அப்பா தெருவில் மல்லாந்து விழுந்த சத்தம். அதற்குப் பின் மண்ணெண்ணெய் வாசனை. அவர் கால் பட்டுக் கிண்ணம் கவிழ்ந்து, அம்மா விடியலில் இட்ட கோலத்தின் செம்மண் ஓரம் வழியாக எண்ணெய் வழிந்து, மீன் வடிவில் தேங்கி நின்றது.

ஆண்டை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா இதை ஐம்பத்தெட்டு என்று சாதிக்கிறாள். அது தவறு. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன், கடையில் நயா பைசாவையும் அணாவையும் போட்டுக் குழப்பிச் சண்டை போடும் காலம் ஏறக்குறைய ஓய்ந்திருந்தது, பஞ்சாங்கத்தில் விகாரி வருஷம் பிறந்திருந்தது. ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, சித்திரை மாதம், தேருக்கு முந்தின நாள். தேருக்கு முந்தின நாள் என்பதில் மட்டும் அக்காவும் நானும் ஒருபோதும் வேறுபட்டதில்லை, ஏனென்றால் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அப்பா திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்தார். காவிரிப் பாலத்தைத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே கடந்து சலித்துப்போய், பெரிய கடைவீதியில் ஜவுளி வியாபாரம் செய்த காதர் பாயிடம் யுத்தத்துக்கு முந்திய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினார். கறுப்பு நிறம், யானைக் காது போன்ற மட்கார்டு. வீட்டு வாசலில் தெருவோரமாக நின்ற அந்தக் கார் ஓடியதைவிடக் குளித்ததுதான் அதிகம். அந்தப் பங்குனியில் அப்பா கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து அதை நீராட்டினார். பிறகு, காரோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருக்கிறது என்று, ஸ்ரீரங்கத்தைப் போன்ற பலகை மாதிரித் தட்டையான ஊரில், கை பிரேக்கைப் பலங்கொண்ட மட்டும் இழுத்து வைத்தார். உடனே பரீட்சைத் தாள் திருத்தும் காலம் வந்துவிட்டது. தாள்களையெல்லாம் திருத்தி முடித்துக் காரை எடுக்கப் போனால் பாட்டரி செத்திருந்தது. தள்ளலாம் என்றால் ஈர பிரேக்கு துருவேறி, சக்கரத்துக்குள் இருக்கும் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் உருள மாட்டேன் என்றுவிட்டன.

மற்ற நாளாக இருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். ஆனால் சித்திரைத் தேர் நான்கு சித்திரை வீதிகளையும் சுற்றி வரும். அது கார் அல்ல, ஒதுங்கிப் போக. முந்தின நாள் காலையிலேயே மின்சாரக் கம்பிகளை அவிழ்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள், வேப்பங்கிளைகளை வெட்டினார்கள். பின்னாலேயே கோயில் மணியகாரர் வந்து, காரை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"ப்ரொபசர் ஸ்வாமி, நாளைக்கு வடம் பிடிக்கறதுக்குள்ள இது இங்கே இருக்கப்படாது. இருந்தா ஆனையைக் கொண்டுவந்து தள்ளச் சொல்லிடுவேன். அது எந்தப் பக்கம் தள்ளும்னு என்னாலே சொல்ல முடியாது."

அம்மாவுக்கு யானையைப் பற்றிக் கவலையே இல்லை. அவள் கவலை வேறு. எங்கள் ஊரில் அந்நாளில் வீட்டு எண்ணைத் தபால்காரர்கூடப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தக் குடும்பத்தில் எவரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் செய்த ஓர் அசட்டுக் காரியம், பேரன் பேத்தி காலம் வரைக்கும் வாசலில் பலகை மாட்டாமலே தொங்கிக்கொண்டிருக்கும். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தது "குடை மறந்தார் ஆம்". ஆம் என்றால் எங்கள் பேச்சில் வீடு. எவர் மறந்தார், எங்கே மறந்தார் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. மழை பெய்தால் மட்டும் தெருவில் போகிறவர்கள் அந்த வாசலைப் பார்த்து ஒரு தரம் சிரித்துக்கொள்வார்கள். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து சில வருஷங்களே ஆகியிருந்ததால் இன்னும் பெயரில்லாத வீடாக இருந்தோம்.

"ஏன்னா, நாளைக்குத் தேர் இங்கே நின்னுதுன்னு வையுங்கோ," என்றாள் அம்மா. "'தேர் மறிச்சார் ஆம்'னு பேர் வெச்சுடுவா. நாளைப் பின்னே பெரியவளைப் பொண் பார்க்க வரவா, எந்த ஆம்னு கேட்பா. தேர் மறிச்சார் ஆம்னு சொல்லுவா. அப்படியே ரயிலடிக்குத் திரும்பிப் போயிடுவா."

அக்கா உள்ளேயிருந்து, "போயிட்டு வாங்கோன்னு நான் சொன்னதாச் சொல்லுங்கோ" என்றாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. பெண் பார்க்க யாரும் வராமல் இருப்பதற்கு ஒரு வழி கிடைத்தது என்ற மகிழ்ச்சி அவள் குரலில் இருந்தது.

இப்படி ஒரு நிலைமையில்தான் அப்பா இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார். சக்கரத்தைக் கழற்றினால் டிரம் தெரியும், டிரம்மைச் சுற்றித் தட்டினால் துரு விடும், துரு விட்டால் கார் உருளும் என்பது திட்டம். அந்தக் காரின் சக்கரங்களை ஐந்தைந்து போல்ட்டுகள் பிடித்திருந்தன. ஸ்பானரை மாட்டி, உலகத்தில் எந்தப் போல்ட்டையும் கழற்றுகிற திசையில், அதாவது இடமாக, அப்பா இழுத்தார். அசையவில்லை. கிணற்றடியில் கிடந்த இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பானரின் கைப்பிடியில் செருகினார். கூடியிருந்தவர்களுக்கு நெம்புகோல் தத்துவத்தைச் சுருக்கமாக விளக்கினார். பிறகு குழாயின் நுனியைப் பிடித்துத் தொங்கினார். அப்போதுதான் அந்த "டக்". போல்ட்டின் தலை தனியாக வந்து ஸ்பானருக்குள் உட்கார்ந்திருந்தது. உடல் டிரம்முக்குள்ளேயே தங்கிவிட்டது.

எங்கள் தெருவில் ஒருவருக்குக் கால் முறிந்தால் எப்படி வந்து விசாரிப்பார்களோ, அப்படி வந்து விசாரித்தார்கள். "எப்படி ஆச்சு?" "காலமேதானா?" "ரொம்ப இழுத்துட்டேளோ?" வருகிறவர் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வைத்தியத்தோடு வந்தார்கள். ஒருவர் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். ஒருவர் நல்லெண்ணெயைக் காய்ச்சி விடச் சொன்னார். புளியைக் கரைத்து விட்டால் துரு அறும் என்று கோடி வீட்டு மாமி ஒரு கிண்ணம் அனுப்பினாள், அது ரசத்துக்கு வைத்த கரைசல், உப்பும் போட்டிருந்தது. அப்பா பாவம், யாருடைய மனத்தையும் நோகடிக்க விரும்பாமல் எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி விட்டார். பத்து மணிக்கு அந்தச் சக்கரத்திலிருந்து தளிகை உள்ளின், அதாவது சமையலறையின், வாசனை வர ஆரம்பித்தது. வந்தவர்களுக்கெல்லாம் அம்மா மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மீதி நான்கு போல்ட்டுகளும் அசையவில்லை. இழுக்க இழுக்க இன்னும் இறுகுவதுபோல் இருந்தது. உண்மையிலேயே இறுகிக்கொண்டுதான் இருந்தன என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

எதிர் வீட்டுச் சௌரி மாமா அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்தார். கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் முன்வரிசைக்காரர். ஆஜானுபாகு. காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது குறுக்கே நிற்கிறது என்பது ஒன்றுதான். ஆனால் அப்பா இழுக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"ஓய், அடியேன் காலமேலேந்து பார்க்கறேன். எல்லாத்தையும் அப்பிரதட்சிணமா திருப்பறீர். திருநாளும் அதுவுமா, பெருமாள் வலம் வரப்போற வீதியிலே உட்கார்ந்துண்டு இடமா சுத்தினா எது வரும்? பிரதட்சிணமா திருப்பும்!"

"ஸ்வாமி, இது பிராகாரம் இல்லே, போல்ட்டு," என்றார் அப்பா. "வலமா திருப்பினா இறுகும். உலகம் பூரா அதுதான் வழக்கம்."

"உலகம் பூரா நீர் போய்ப் பார்த்தீரோ?"

அப்பாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், அதிக மரியாதையாகிவிடுவார். ஸ்பானரை இரண்டு கையாலும் ஏந்தி, பிரசாதம் கொடுப்பதுபோல் சௌரி மாமாவிடம் நீட்டினார். "தேவரீரே எழுந்தருளித் திருப்பணும்."

மாமா பஞ்சகச்சத்தை வரிந்துகொண்டார். குருபரம்பரையை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு ஸ்பானரை மாட்டி, வலமாக ஒரு அழுத்து அழுத்தினார். "கிறீச்" என்று ஒரு சத்தம். போல்ட்டு, வெண்ணெயில் கை விட்டாற்போலத் திரும்பியது. இன்னொரு சுற்று. இன்னொன்று. கையோடு வந்துவிட்டது. தெருவே "ஆகா" என்றது. அப்பாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். இருபது வருஷம் நடத்திய பாடத்தைச் சட்டசபையில் தீர்மானம் போட்டு மாற்றிவிட்டதுபோல நின்றார்.

நான்கும் வந்தன. சக்கரம் வந்தது. டிரம்மைச் சுற்றிக் கட்டையால் தட்டத் தட்டத் துரு உதிர்ந்து, பிரேக்கு விட்டது. முறிந்த போல்ட்டின் உடல் குழந்தையின் முளைப்பல் அளவுக்கு வெளியே தெரிந்தது. அதைப் பிடுங்கியே தீருவேன் என்று அப்பா உளியோடு உட்கார்ந்தார். "நாலு போல்ட்டு போறும், அடுத்த பக்கத்தைப் பாருங்கோ," என்று அம்மா உளியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வலப்பக்கத்துக்கு வந்தபோது சௌரி மாமா எதிர் வீட்டுக்காரராக இல்லை, ஆசாரியராக இருந்தார். ஸ்பானரை அவரே வைத்துக்கொண்டார். அப்பா முணுமுணுப்பாக, "இந்தப் பக்கம் எதுக்கும் ஒரு தரம் இடமா..." என்று தொடங்கினார். "பார்த்தும் பார்த்தும் உமக்கு விசுவாசம் வரலையே!" என்றார் மாமா. அப்பா அடங்கினார். மாமா மாட்டினார், வலமாக அழுத்தினார். அசையவில்லை. குழாயைக் கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார். அந்தக் கொடுத்தலில் ஒரு சிறு சந்தோஷம் இருந்ததோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. மாமா தம் திருமேனி முழுவதையும் குழாயில் ஏற்றினார்.

"டக்."

இந்தத் தடவை மாமா கையில் போல்ட்டின் தலை. அப்பா அதை வாங்கி, காலையில் முறிந்த தலைக்குப் பக்கத்தில் பதவிசாக வைத்தார். அந்தப் பதவிசுதான் மாமாவுக்குத் தாங்கவில்லை. "ஒரே வண்டி," என்றார் மாமா. "ஒரு பக்கம் ஒத்துக்கறது, ஒரு பக்கம் மாட்டேங்கறது. இது என்ன சம்பிரதாயம்?"

அதுதான் கேள்வி. பௌதிகமும் தோற்றுவிட்டது, பக்தியும் தோற்றுவிட்டது, மணி இரண்டு. மணியகாரர் மறுபடியும் வந்து, யானை கட்டியிருக்கும் திக்கைப் பார்த்துவிட்டுப் போனார்.

அம்மா மோர்ச் செம்போடு வந்தாள். காரின் இந்தப் பக்கம் வந்து ஒரு தரம் பார்த்தாள், அந்தப் பக்கம் போய் ஒரு தரம் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வலம் இடம்னு சண்டை போடறேளே, நீங்கள் நிக்கற பக்கம் மாறிடுத்தோன்னோ?" என்றாள். "கிணத்து ராட்டினத்துக்கு இந்தண்டை நின்னு பார்த்தா வலமா சுத்தறது. அந்தண்டை மாமி நின்னு பார்த்தா இடமா சுத்தறது. ராட்டினம் ஒண்ணுதானே? அந்தப் பக்கம் கழண்டப்போ ஸ்பானர் வண்டியோட பின்பக்கமா சாய்ஞ்சுது. இங்கேயும் பின்பக்கமா சாயுங்கோ. வண்டி முன்னாலே போறச்சே கழண்டுடப்படாதுன்னு பண்ணியிருப்பான்."

அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரிய தவறைச் சேர்ந்து செய்தவர்களுக்குள் உண்டாகும் நட்பு அந்த நொடியில் அவர்களுக்குள் உண்டாயிற்று. மாமா ஸ்பானரைப் பிடித்தார், அப்பாவும் பிடித்தார், இருவரும் சேர்ந்து பின்பக்கமாகச் சாய்த்தார்கள். "கிறீச்."

நான்கு மணிக்கு இரண்டு சக்கரமும் நான்கு நான்கு போல்ட்டோடு மாட்டியாயிற்று. கார் உருண்டது. கொள்ளிடம் போகும் வழியில் ஒரு மரக்கடைக் கொட்டகையில் அதை நிறுத்தி வைக்க ஏற்பாடு. கார் தேர் போகிற திசையைப் பார்த்து நின்றதால், வடக்கு வாசல் கோபுரம் அதற்குப் பத்து வீடு பின்னால். பின்னோக்கித் தள்ளினால் தீர்ந்தது. அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், பத்துப் பேர் முன்னால் வந்து தள்ளக் கை வைத்தார்கள்.

"நிறுத்துங்கோ!" என்றார் சௌரி மாமா.

போல்ட்டில் தோற்றவர் தெருவில் தோற்கத் தயாராக இல்லை. தேர் ஓடும் வீதியில், திருநாளில், ஒரு வாகனம் அப்பிரதட்சிணமாகப் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பத்து வீடு பின்னால் போவதற்குப் பதில், முன்னால் போய், கிழக்கு வீதி, தெற்கு வீதி, மேற்கு வீதி எல்லாம் சுற்றி, வடக்கு வாசலுக்கு வந்து சேர வேண்டும். நடுவில் வெளியேறலாம் என்றால், மற்ற மூன்று வாசல்களும் தேர் பார்க்க வந்த கிராமத்து மாட்டு வண்டிகளாலும் வளையல் கடைகளாலும் அடைபட்டுக் கிடந்தன. இதெல்லாம் வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. நெம்புகோலை நம்பிய அப்பாகூட, "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை நேராக்கினார்.

தள்ளினார்கள். கனமான ஒன்றைச் சேர்ந்து தள்ளும்போது ஏதாவது ஒரு குரல் வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த குரல் ஒன்றுதான். "ரங்கா! ரங்கா!" என்று கிளம்பிவிட்டது. முன்னால் சௌரி மாமா ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு கோஷ்டிக்கு வழிகாட்டுவதுபோல் நடந்தார். நடுவில் கார், அதற்குள் தனியாக, வியர்த்து வழிய, விறைப்பாக அப்பா. குரலைக் கேட்டு, ஏதோ புறப்பாடு முன்கூட்டியே வந்துவிட்டது என்று வீட்டுக்கு வீடு கதவு திறந்தார்கள். தெற்கு வீதியில் ஒரு மாமி கற்பூரத் தட்டோடு ஓடிவந்து, உள்ளே இருப்பது யாரென்று பார்த்ததும் தட்டைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டாள். மேற்கு வீதியில் வண்டியடியில் சோறு பொங்கிக்கொண்டிருந்த கிராமத்துக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

"ஏங்க, போன வருசத்துக்கு இந்த வருசம் தேரு சின்னதாப் போச்சுங்களே?"

அவ்வளவுதான். தள்ளிக்கொண்டிருந்தவர்கள் சிரித்ததில் கார் அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி கிளப்பப் பக்கத்து வண்டிக்காரர்களும் கை கொடுக்க வேண்டியிருந்தது. வடக்கு வாசலில் மணியகாரர் நின்றிருந்தார். நான்கு வீதியும் சுற்றி வந்த காரைக் கண்டு கையைக் கட்டிக்கொண்டு, "வெள்ளோட்டம் ஆயிடுத்து, நாளைக்குக் கவலை இல்லே," என்றார்.

மறுநாள் தேர் எங்கள் வாசலில் தடையில்லாமல் வந்து, தடையில்லாமல் போயிற்று. அப்பாவும் சௌரி மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் வடம் பிடித்தார்கள். தேர் பார்க்கக் குடும்பத்தோடு வந்திருந்த காதர் பாய், விஷயத்தைக் கேட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அல்லாவே! வாங்கும்போதே சொன்னேனே சார், இடப்பக்கம் போல்ட்டு மரை எதிர்த் திருப்புன்னு! நீங்க ஹாரன் அடிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தீங்க." அடுத்த வாரம் இரண்டு புதுப் போல்ட்டு கொடுத்தனுப்பினார். முறிந்தவை இரண்டையும் அப்பா உளியால் தட்டித் தட்டிப் பின்பக்கமாகவே திருப்பி எடுத்தார். சௌரி மாமா எதிரில் நின்று, ஒவ்வொரு தட்டுக்கும், "பின்னாலே, பின்னாலே" என்றார்.

பெயர் வரத்தான் வந்தது. அம்மா பயந்த பெயர் அல்ல. "சின்னத் தேர் ஆம்." சில நாள் அம்மா வாசலுக்கே போகவில்லை. பிறகு பால்காரர் அந்தப் பெயரால் கணக்குச் சொன்னார், கல்யாணப் பத்திரிகைகள் அந்தப் பெயரில் வந்தன. சில வருஷம் கழித்து அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், குதிரை வண்டிக்காரரிடம் வழி கேட்டபோதே முழுக் கதையையும் கேட்டுவிட்டார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை முதலில் பேச விரும்பியது அக்காவோடு அல்ல, அம்மாவோடு. ராட்டினக் கணக்கை அவள் வாயால் கேட்க வேண்டுமாம். அக்கா அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று என்பாள். ஆண்டு விஷயத்தில் அவளை நம்ப முடியாது, இதில் நம்பலாம்.

அப்பா எழுபதுகளில் காரை விற்றார். எண்பதுகளில் நாங்கள் வீட்டை விற்றோம். அந்த இடத்தில் இப்போது யாத்ரீகர் தங்கும் அடுக்கு விடுதி இருக்கிறது. வீடுகளுக்கெல்லாம் எண் இருக்கிறது, எண்ணைச் சொன்னால் வண்டி வாசலில் கொண்டுவந்து விடுகிறது. சென்ற சித்திரையில் தேருக்கு முந்தின நாள் போயிருந்தேன். வடக்கு வீதியில் விடுதி ஓரமாக ஒரு வெள்ளைக் கார் நின்றது. பளு தூக்கும் வண்டி ஒன்று வந்தது. சீருடை போட்ட இருவர் இறங்கிக் கொக்கியை மாட்டினார்கள். முன்சக்கரம் இரண்டும் மேலே எழும்ப, நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள், கார் வடக்கு வாசலைத் தாண்டிப் போய்விட்டது. கதவு எதுவும் திறக்கவில்லை. அது யாருடைய கார் என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.